செல்வி அக்காவின் பற்கள்

நல்லம்பள்ளியில் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் சிவப்பு மருந்தை விட்டதும் அது மஞ்சளாக மாறியது. "ஃபுளோரைடு ஜாஸ்திங்க. பல்லுல கறை புடிக்கிறது, எலும்பு இறுகிப்போறது எல்லாம் இதனாலதான்," என்றார் பரிசோதிக்க வந்த பெண்.

எனக்குச் செங்கல் தூளின் வாசம் நினைவுக்கு வந்தது. எங்கள் எல்லோருக்கும் பல்லில் கறை உண்டு. செல்வி அக்காவுக்குத்தான் அதிகம். தினமும் செங்கல் தூளால் தேய்ப்பாள். துப்பும்போது ரத்தம் வரும். "ஒழுங்கா வெளக்குனா கறை எப்படி வரும், சோம்பேறி?" என்று அம்மா அவள் தலையில் குட்டுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் சிரித்ததும் எழுந்து போனார்கள். அடுத்த வாரம் அக்கா தனியாகப் பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பற்கள் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து, தண்ணீரைப் பற்றி அந்தப் பெண் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். இறுகிப்போன கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்போடு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அவ நல்லாத்தான் வெளக்குனாளா?" என்று கேட்டாள்.