எண்ணெய் குடிக்காத விரிசல்

மேசைக்கால் கடையும் பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அவளை எங்கள் குழல் சங்கத்தில் எல்லோரும் 'கடைசல் அக்கா' என்றே கூப்பிடுவோம். பழைய மரப் புல்லாங்குழல்களை வாங்கிச் சீர்செய்து மாதக் கூட்டத்தில் விற்பாள். அவள் வீட்டுச் சமையலறை அலமாரியில் பாத்திரங்களைவிடக் குழல்கள் அதிகம்.

"இந்த பாதாம் எண்ணெய் என் தலைக்கா, உன் குழலுக்கா?" என்பார் பேருந்து ஓட்டும் கணவர்.

"உங்க தலையில இனி தேய்ச்சு என்ன முளைக்கப் போகுது?"

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்கியவர் ஒரு வாரம் ஊதிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். விற்றவர் குறையை மறைத்திருந்தால் விற்பனைப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். அதன்பின் அவரிடம் ஒருவரும் வாங்க மாட்டார்கள். பெயர் போனால் போனதுதான்.

சென்ற மாதக் கூட்டத்தில் பல் டாக்டர் எழுந்தார். கூட்டம் நடப்பதே அவருடைய மருத்துவமனை மாடியில். அக்காவிடம் வாங்கிய பழுப்பு மரக் குழலைத் தூக்கிக் காட்டினார். தலைப்பகுதியில் நீளமாக ஒரு விரிசல்.

"மெழுகு வச்சு மறைச்சு என் தலையில கட்டிட்டா!"

அக்காவின் முகம் வெளுத்தது. குழலை வாங்கி, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

"ஒரு மாசம் இதுக்கு எண்ணெய் தடவினேன் சார். பழைய விரிசல்னா எண்ணெயக் குடிச்சுக் கறுத்திருக்கும். பாருங்க, உள்ள வெளேர்னு இருக்கு. இந்த விரிசல் உங்க வீட்டுல விழுந்தது."

கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போனது. நாற்பது பேரும் பார்த்தோம். வெள்ளைதான். "ஆமா, புதுசுதான்" என்று ஆரம்பித்த தபால்காரர், டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கினார்.

"முதல் நாள் எவ்வளவு நேரம் ஊதினீங்க?" என்றாள் அக்கா.

தேநீர்த் தட்டுடன் வந்த டாக்டரின் மனைவி முந்திக்கொண்டார்: "மூணு மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் சுவத்தைத் தட்டினப்புறம்தான் நிறுத்தினாரு."

கூட்டம் சிரித்தது. வருடக்கணக்காக ஊதாமல் கிடந்த மரம், மூச்சின் ஈரம் பட்டதும் உள்ளே உப்பும். வெளியே காய்ந்தே இருக்கும். பிளக்காமல் என்ன செய்யும்? அதற்காகத்தான் ஒவ்வொரு பெட்டியிலும் அவள் ஒரு சீட்டை மடித்து நூல் சுற்றி வைப்பாள்: முதல் வாரம் தினம் பத்து நிமிடம் மட்டும். டாக்டரின் பெட்டியில் சீட்டு இருந்தது. சுற்றிய நூல் பிரியவே இல்லை.

வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரிம்மா. டாக்டருக்கு மனசு கஷ்டம். ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு. பட்டியல்ல பேரு இருக்கும்."

"செய்யாத தப்புக்கா?"

"தப்பு யாரு மேலன்னு இப்ப யாரு கேட்டா? நமக்கு இடம் வேணும்ல?"

எனக்குக் காது அடைத்தது. கண்ணெதிரே சாட்சி கிடக்கிறது. தீர்ப்போ மாடிக்குச் சொந்தக்காரருக்கு! சுருதி அரை இம்மி விலகினால் துள்ளிக் குதிக்கிற காதுகள் நாற்பது ஜோடி. அத்தனையும் அன்று செவிடாகிவிட்டன. என் காதுகளும்தான்.

"கேக்க மாட்டேன் சார்."

தலைவரின் பேனா அவள் பெயரின் குறுக்கே கோடிட்டது. அந்தக் கீறல் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அக்கா அழவில்லை. பையை மேசைமேல் கவிழ்த்தாள். பழுது பார்க்க நாங்கள் கொடுத்திருந்த பதினொரு குழல்கள்.

"அவங்கவங்க குழலை எடுத்துக்குங்க. ஏமாத்துக்காரி கையில உங்க பொருள் எதுக்கு?"

ஒருவரும் நகரவில்லை. ஊரில் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தலைவர் மெல்ல வந்து, இரண்டு துண்டாகக் கிடந்த தன் குழலை எடுத்துத் திகைத்து நின்றார்.

"ஏம்மா, இது இன்னும் ஒட்டலையே?"

அக்கா படியிறங்கிக்கொண்டே சொன்னாள்: "ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுப் பாருங்க சார். ஒட்டிக்கும்."