ஒரு ஜெபத்துக்குள் எத்தனை துடிப்பு

தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? மேட்டில் ஏறி இறங்குகிற உடம்பு, படபடக்கத்தானே செய்யும் என்று நானும் பல மாதம் விட்டுவிட்டேன். ஒருநாள் கூடையோடு மயங்கி விழுந்த பிறகுதான் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கம்பவுண்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினார். ஆறு வாரம் பார்ப்பேன், குறையாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டச் சொல்லி எழுதிவிடுவேன் என்றார். பேர் வெட்டினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் இருக்க முடியாது. எனக்கு மிஞ்சிய ஒரே உறவு, கூட இருந்து இங்கேயே கொழுந்து எடுக்கிற என் தங்கை. அவளை மலையில் தனியே விட்டுவிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்?

அந்த ஆறு வாரமும் நாற்றங்காலில் களை பறிக்கிற லேசான வேலை கொடுத்தார்கள். கம்பவுண்டர் சொன்னதையெல்லாம் செய்தேன். புகையிலையை விட்டேன்; முதல் வாரம் என்னிடம் திட்டு வாங்காதவர்கள் லயத்தில் இல்லை. கட்டன் சாயாவைக் காலையில் ஒன்றோடு நிறுத்தினேன். விளக்கு வைத்ததும் படுத்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரத்துக்கு மூச்சிரைக்க ஓடாமல் முன்னாலேயே கிளம்பி மெல்ல நடந்தேன். உடம்பைச் சும்மா வைத்துக்கொள்வதும் ஒரு வேலையாகிவிட்டதே என்று அலுப்பாக இருந்தது.

எங்களிடம் கடிகாரம் இல்லை. வேதக்காரர்கள் நாங்கள், முட்டை வேகவைக்கக்கூட ஜெபம் சொல்லித்தான் நேரம் பார்ப்போம். விடிந்ததும் நான் பாயில் படுத்தபடியே மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவேன், தங்கை பரமண்டல ஜெபத்தை ஒருமுறை சொல்லி முடிப்பாள். வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை குறைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐந்தாம் வாரம்தான் கவனித்தேன். ஆமென் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஜெபத்தை அவ்வளவு வேகமாக ஓட்டியிருக்கிறாள். ஜெபம் சுருங்கினால் எண்ணிக்கையும் சுருங்கத்தானே செய்யும்.

"யாரட்டி ஏமாத்துத?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ போயிட்டா நான் யாருகூட யக்கா இருப்பேன்?"

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நிதானமாகச் சொல்லவைத்து எண்ணினேன். முதல் நாளைவிடக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. வேறு என்ன செய்வது? மிச்ச நாளையும் அதே பத்தியத்தில் தள்ளினேன்.

ஆறாம் வாரம் கம்பவுண்டர் என்னைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு எண்ணினார். குறைந்திருக்கிறது, பேர் இருக்கட்டும் என்றார். வெளியே காத்து நின்ற தங்கையிடம் சொன்னதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதோம்.

மறுநாள் காலை கங்காணி, நாடிதான் சரியாகிவிட்டதே என்று என்னைப் பழையபடி மேல்காட்டுக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார். நிறைந்த கூடையோடு அந்தச் செங்குத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். சாயங்காலம் நெஞ்சு பழையபடி படபடக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகவே, ஜெபத்தை ஆரம்பித்தாள்.

"எண்ணாதட்டி," என்று கையை இழுத்துக்கொண்டேன்.