முன் இருக்கையில் அவள்

2004ஆம் ஆண்டு, மாரி மழை ஓய்ந்துவிட்டதென்று எல்லோரும் நம்பியிருந்த தை மாதம். கனகராயன்குளத்துக்கு அருகே ஆற்றில் இறங்கி, காட்டினூடாக இரணைமடுக் குளம் வரை கயாக் படகுகளில் செல்லும் பயணத்துக்கு, வன்னிப் பாடசாலைகளின் பெண்கள் விவாத அணிகளிலிருந்து எங்களைத் தெரிவுசெய்திருந்தார்கள். முடிவில் கிளிநொச்சியில் ஒரு கூட்டம். குழுவின் சார்பில் ஒருவர் மட்டுமே பேசலாம். அந்த ஒருவர் நானே என்பதில் எனக்குக் கடுகளவும் ஐயமிருக்கவில்லை, என் படகின் முன் இருக்கையில் அவள் வந்து அமரும் வரை.

முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண். முந்திய ஆண்டின் இறுதிப் போட்டியில் என்னைத் தோற்கடித்த எதிரணித் தலைவி. எங்கள் படகே முதலில் சென்றது. முன்னால் இருப்பவர் நீரைப் பார்த்துக் கல், மரம் என்று அறிவிக்க வேண்டும். பின்னால் இருப்பவர் படகைத் திருப்ப வேண்டும். பின்தொடரும் படகுகள் அந்தக் குரலைக் கேட்டே வர வேண்டும். ஆகவே நாள் முழுதும் அவள் பேசினாள். நான் அவளுடைய முதுகைப் பார்த்தபடி கீழ்ப்படிந்தேன்.

"மேடைப் பேச்சாளர், அது மைக் இல்லை, துடுப்பு. வலியுங்கோ!" என்று பின்படகில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கண்ணிவெடி அகற்றப்பட்ட கரைகளில் மட்டுமே தங்க அனுமதி. இரண்டாம் நாள் திடீர் மழைக்கு அப்படியொரு கரையிலிருந்த பாறைக்குகையில் ஒதுங்கினோம். அவள் தேவாலயப் பாட்டொன்றைப் பாட, குகையே அவளுக்குப் பின்பாட்டுப் பாடியது. இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்கள். என்னிடம் ஒருவரும் ஒரு பேச்சுக் கேட்கவில்லை. நனைந்த பாண் துண்டைக் கடித்தபடி, இவளுக்குத் தொண்டை கட்டிப்போகட்டும் என்று மனதார விரும்பினேன்.

மறுநாள் கட்டியே போனது.

மழையில் ஆறு பெருகி ஓடியது. ஒரு வளைவில் அவள் சட்டென்று துடுப்பை உயர்த்தினாள். வாய் திறந்தது, ஓசை வரவில்லை. ஆற்றின் குறுக்கே ஒரு மருதமரம் சாய்ந்து கிடந்தது. திரும்பி, வெறும் காற்றாகச் சொன்னாள்: "கத்துமப்பா! பின்னால வருகினம்!"

அவள் கை இடப்பக்கம், கிளைகளுக்கும் கரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியை நோக்கி நீண்டது.

"மரம்! இடப்பக்கம் திருப்புங்கோ!"

என் வாழ்நாளில் அவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைகளை உரசியபடி தப்பி வந்தன. மாலைவரை அவள் கை காட்டினாள், நான் கத்தினேன்.

"எல்லாப் படகும் உம்மட குரலாலதான் தப்பினது. கூட்டத்தில நீர்தான் பேசவேணும்" என்றார் எங்களுக்குப் பொறுப்பாக வந்த அண்ணை. அவர் கடைசிப் படகில் வந்தவர். குரல் கேட்டிருக்கும், கை தெரிந்திருக்காது. அவள் மறுக்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு துளிப் பொறாமையாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

கூட்டத்தில், சாய்ந்த மரத்தின் கட்டத்துக்கு நான் வந்தபோது மண்டபம் மூச்சடக்கிக் கேட்டது. பின்பு கரவொலி எழுந்தது. எதிரணியின் கருத்தை எடுத்தாள்பவர் அது அவர்களுடையது என்று சொல்லியே தீர வேண்டும் என்பது எங்கள் விவாத மேடையின் வழக்கம். "குரல் என்னுடையது, கண் என் எதிரணித் தலைவியுடையது. அவர் எழுந்து நிற்க வேண்டும்" என்றேன்.

எழுந்தாள். கைகூப்பினாள். மண்டபம் அதிர்ந்தது.

அதன்பின் எத்தனையோ மேடைகளில் வென்றுவிட்டேன். ஆனாலும், ஒரு சொல்லும் பேசாமல் அவள் பெற்ற அந்தக் கைதட்டலை, வாங்கிக் கொடுத்தவள் நானே என்றபோதிலும், இன்றைக்கும் பொறாமையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.