கலவன் எது, வாடியது எது

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வயலில் நிற்கும் சில செடிகளை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதில் எங்கள் குத்தகை அடங்கியிருந்தது. வல்லத்துக்குப் பக்கத்தில் ஒருவருடைய நிலத்தை எடுத்து, விதைக்கென்று, நிமிர்ந்து வளரும் கொத்து ரகம் விதைத்திருந்தோம். விதைப்பயிராகத் தேறினால்தான் அடுத்த ஆண்டும் நிலம் உங்களுக்கு என்று நிலக்காரர் முன்பே சொல்லியிருந்தார். விழுப்புரத்திலிருந்து விதைச் சான்று ஆய்வாளர் வருவதற்குள், வேறு ரகச் செடிகள் இருந்தால் நாங்களே பிடுங்கிவிட வேண்டும். அவற்றைக் கலவன் என்பார்கள்.

முந்தைய போகத்தில் நிலக்காரர் அங்கே தரையில் படரும் கொடி ரகம் போட்டிருந்தார். அறுவடைக்குப் பின் மண்ணில் தங்கிய காய்களைப் பொறுக்க ஊரே வந்தது. பொறுக்குகிறவர்கள் ஒன்றையும் விடமாட்டார்கள் என்று நம்பி, விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர் விட்டு, முளைப்பதை உழுது அழிக்கும் வேலையைச் செய்யாமல் விட்டோம். பூக்கும் சமயத்தில் பள்ளத்து மூலையில் சில செடிகள் படர ஆரம்பித்தன.

நான் அதை மாறுபாடு என்றேன். ஒரே ரகம்தான், ஈரத்தால் சற்று மாறியிருக்கிறது. வேறுபாடு என்றால் பிறப்பிலேயே வேறு. அதை ஒப்புக்கொள்ள முடியாது. வித்தியாசம் என்று வாய்தவறியும் சொல்லக்கூடாது. சொன்னால் எதனால் என்று அடுத்த கேள்வி வரும். வேலிக்கும் கிணற்றுக்கும் நடந்தபடி மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் செடி படர்ந்தே கிடந்தது.

மனைவி குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். மூலை மொட்டையாகிவிடுமே என்று பாதிச் செடிகளுக்கு நான் குறுக்கே நின்றேன்.

"நீங்க பேரு வச்சிக்கினே இருங்க," என்றாள். "காது குத்த எங்க அண்ணன வரச் சொல்றேன்."

ஆய்வாளர் வந்தார். பல இடங்களில் எண்ணிப் பார்த்துவிட்டு, பள்ளத்து மூலையில் அதிக நேரம் நின்றார். ஈரத்தால் வந்த மாறுபாடு என்று, தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. படர்ந்த செடி ஒன்றையும், ஒட்டியே நிமிர்ந்து நின்ற எங்கள் செடி ஒன்றையும் காட்டினார்.

"ரெண்டும் ஒரே ஈரத்துலதானே நிக்குது சார்?"

மறு ஆய்வுக்கு ஒரு வாய்ப்பு தருவதாகவும், அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடும்படியும் சொல்லிவிட்டு, திண்டிவனம் பக்கம் வேறொரு வயலுக்குக் கிளம்பினார்.

அன்றே இருவரும் குனிந்தோம். மூலையோடு அது நிற்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கிணற்றோரம், வரப்போரம், நடுவயல் என்று எங்கும் இருந்தது. முழுக்கப் படராமலும் முழுக்க நிமிராமலும் நின்றவைதான் அதிகம். இது நம்முடையது வாடிச் சாய்ந்ததா, வேறா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சந்தேகமானால் பிடுங்கிவிடு என்றேன். எல்லாமே சந்தேகமாக இருந்தது.

வெயில் தாழ்வதற்குள் வயலில் பச்சையைவிட மண் அதிகமாகத் தெரிந்தது. நிலக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"இன்னும் எவ்ளோங்க புடுங்கப் போறீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். என் கையில் ஒரு செடி வேரோடு தொங்கியது, மஞ்சள் பூவோடு. அது எங்களுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.