சோடா உப்பில் வெந்த புடவை

“ஐப்பசி. அவளைக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. குழந்தை தங்கையிடம்.” அப்பாவின் நாட்குறிப்பில் தேதி நனைந்து அழிந்திருக்கிறது. ‘அவள்’ என் அம்மா; ‘தங்கை’ என் அத்தை. என் கணக்கில் எனக்கு அப்போது நான்கு வயது.

நேற்று வாலாஜாபாத் போன கணவர் வர அரை மணி நேரம் தாமதமானது. வழக்கம்போல வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சிறுவயதில் தாயைப் பிரிந்தவர்களுக்குப் பதற்ற ஹார்மோன்கள் பின்னாளிலும் எளிதில் ஏறக்கூடும் என்று படித்திருக்கிறேன். அதனால்தான் நாட்குறிப்பை எடுத்தேன்.

உத்திரமேரூரில் அத்தை வீட்டில், அம்மா கட்டி அவிழ்த்த புடவையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். நோய் ஒட்டும் என்று பயந்த அத்தை, அதை அண்டாவில் சோடா உப்புப் போட்டு வேகவைத்துவிட்டாள். வியர்வையும் மஞ்சளும் கலந்த அம்மாவின் வாசம் போய்விட்டது. நான் கத்தித் தீர்த்தேன்.

“இன்னாடி, புடவையத்தானே தோய்ச்சேன், உங்கம்மாவையா தோய்ச்சிட்டேன்?” என்று சிரித்தாள் அத்தை. இரண்டு நாள் நான் சாப்பிடாமல் கிடந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

“அண்ணாத்தே, அண்ணி கட்டின புடவை ஒண்ணு எடுத்துக்கினு வா. இது சோறே துன்ன மாட்டேங்குது” என்று அப்பாவிடம் சொன்னாள்.

மறுநாள் ஒரு புடவையை என் மடியில் போட்டாள். பினாயில் வாசம் அடித்தது. “ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துச்சி. உங்கம்மா கட்னது” என்றாள். முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனேன்.

நோய்க்கு அவ்வளவு பயந்தவள் அங்கிருந்து ஒரு துணியை வீட்டுக்குள் விட்டிருப்பாளா? தன் புடவையிலேயே பினாயில் தெளித்துத் தந்தாளா? இதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.