அட்டையில் இல்லாத பெயர்

கையைத் தூக்குவதில் என்னை மிஞ்ச வகுப்பில் ஆள் கிடையாது. கேள்வி முடிவதற்குள் தூக்கிவிடுவேன். பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாம் மாடி வீடு, கோட்டைப் பக்கம் ஆபீஸ் போகும் அப்பா, காலையில் வாசலில் வந்து விழும் ஆங்கிலப் பேப்பர் எல்லாம் சேர்ந்து, எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பைக் கொடுத்திருந்தன. அறுபதுகளின் நடுவில் காலேஜில் முதல் வருஷம் சேர்ந்தபோது அந்த நினைப்போடுதான் சேர்ந்தேன். அது இன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அடி வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்துக்கு ஒரு நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி சொல்கிற கதை. அவள் தெருக்கோடியில், ஊருக்கெல்லாம் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு விதவை இருக்கிறாள். அழுக்குத் துணியைக் கொடுக்கும்போதும் வெளுத்ததை வாங்கும்போதும் பெண்ணின் அம்மா வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வாள். அம்மா அழகுக்காகப் போடுகிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த விதவையின் கை பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று கடைசி அத்தியாயத்தில்தான் அவளுக்கு விளங்கும். படித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் அதைப் பற்றி எப்படி எழுதினால் மார்க் வரும் என்று யோசித்தேன். நான் அப்படிப்பட்ட பெண்.

அந்த வருஷம் கடைகளில் அந்தப் புத்தகம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளும் நானும் சேர்ந்து ஒரே புத்தகம் வாங்கினோம். ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவளுக்கு. திங்கட்கிழமை கை மாறும். அவள் தாராவியை ஒட்டிய லேபர் கேம்ப்பிலிருந்து வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறையில் வேலை. முனிசிபாலிடி தமிழ்ப் பள்ளியில் படித்து, அவர்கள் வீட்டு வரிசையில் முதன்முதலாகக் காலேஜ் வரை வந்தவள். ஆங்கிலம் எனக்குத்தான் நன்றாக வரும். ஆனால் ரயிலில் ஒருத்தி எங்களை மத்ராசி என்று முணுமுணுத்தபோது, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் மராத்தியில் பதில் சொன்ன விதத்தில் அந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் இடம் கொடுத்தாள். அன்றிலிருந்து நாங்கள் இணைபிரியாத சிநேகிதிகள்.

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டை போடுவதில் அவளுக்கு ஒரு பைத்தியம். ரேஷன் கார்டுக்கு அட்டை, ரேடியோவுக்குப் பூ வேலை செய்த உறை, பஞ்சாங்கத்துக்குக்கூட அட்டை. நாவலுக்கும் பிரவுன் பேப்பரில் விறைப்பாக அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, முத்து முத்தான கையெழுத்தில் என் பெயரை எழுதித் தந்தாள். புத்தகம் சிநேகிதியிடம் போய்த் திரும்பி வரும். அடுத்த முறை நான் அதை எடுத்துக்கொண்டு போகும்போது அதில் புது அட்டை இருக்கும். அம்மாவின் சுத்தம் அப்படி என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். சிநேகிதி புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வாள்.

கடைசி அத்தியாயம் நடந்த அன்று, அந்தக் கையுறை எதற்கு அடையாளம் என்று மிஸ் கேட்டார். வழக்கம்போல என் கைதான் முதலில் எழுந்தது. அன்பு, சுத்தம், அழகு என்ற பெயர்களில் வெறுப்பு எப்படி ஒளிந்துகொள்ளும் என்று நிறுத்தாமல் பேசினேன். நம் ஊரில் இப்படிப்பட்ட கையுறையைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன். மத்ராசிகளுக்கு வீடு கிடையாது என்று அப்பாவின் முகத்தில் அடித்தாற்போல ஒரு வீட்டுக்காரர் சொன்ன கதையை எடுத்துவிட்டேன். மிஸ் என்னைப் பாராட்டிவிட்டு, அதே கேள்வியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார். அவள் எழுந்து நின்று, இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பு விட்டதும் என்னை வராந்தா மூலைக்குக் கூட்டிப்போய், அன்று காலை நான் கொடுத்திருந்த புத்தகத்தை நீட்டினாள். லேபிளில் என் பெயர் மட்டும் இருந்தது.

"என் கைக்கு வரப்பெல்லாம் உன் பேருக்குக் கீழ என் பேரயும் எழுதுதேன். உங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்தா அட்டயே மாறிருது. நீ பாக்கவே இல்லியா?"

நிஜமாகவே நான் பார்க்கவில்லை. அதுதான் கேவலம். இத்தனை நாள் அவள் பெயர் என் பெயருக்குக் கீழே இருந்திருக்கிறது, நான் ஒரு முறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"சோடு, விட்டுத் தள்ளு. உங்க அம்மை பழைய காலத்து ஆளு. நீ அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும்லா."

வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. அம்மா சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நின்ற வாக்கில் ஆரம்பித்தேன். வெள்ளைக் கையுறை, மனிதத்தன்மை, மத்ராசி என்று நம்மைச் சொன்னால் வலிக்கிறதே என்று எதையும் விடவில்லை. வகுப்பில் பேசியதைவிட நன்றாகவே பேசினேன். அம்மா நாரை உரித்துக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் நிமிர்ந்தாள்.

"மொதல் தடவை புஸ்தகம் திரும்பி வந்தப்போ, தோல் நாத்தம் அடிக்கறது, இந்த அட்டையைக் கழட்டிப் போடும்மான்னு யாருடி சொன்னா? நீதானே. அப்புறம் நீ சொல்லாமலே மாத்திண்டிருக்கேன்."

இல்லவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தேன். இன்னொரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்கூட. அம்மா ஆசாரத்தில் யாருக்கும் சளைத்தவள் இல்லை, நான் சொல்லாவிட்டாலும் என்றைக்காவது மாற்றியிருப்பாளோ என்னவோ. ஆனால் சொன்னது நான். சொன்னதோடு நிற்காமல் அதைச் சுத்தமாக மறந்தும் போயிருந்தேன். நாவலில் வரும் பெண்ணுக்குப் பத்து வயது, அவள் ஒன்றும் அறியாதவள். எனக்குப் பதினேழு.

மறுநாள் காலேஜுக்குப் போகும்போது அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். என்னைப் பார்த்ததும் வீட்டில் கேட்டாயா என்றாள். கேட்டேன், சண்டை போட்டேன் என்றேன். இரண்டும் பொய் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக, பெற்ற அம்மாவிடமே சண்டை போட்டாயா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு நாக்கு எழவில்லை. கேன்டீனில் தன் வடையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். நான் அதைத் தின்றேன்.

அதற்கப்புறம் அம்மா அட்டையை மாற்றவில்லை. பரீட்சை முடிந்து இரண்டு நாள் கழித்து, என்னிடம் வாங்கியிருந்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் தடவையாக வந்தாள். அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். நாங்கள் குடிக்கும் அதே டவரா டம்ளரில், நுரை ததும்பக் காபி கொண்டு வந்தாள். ஆசாரம் பார்க்கும் அம்மாவுக்கு அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

சிநேகிதி எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாக, வேண்டாம் மாமி, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி மட்டும் தா பிள்ள. உன் கையால தா, குடிக்கேன்."

அம்மாவுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். அம்மா காபியைக் கையில் வைத்தபடி அதே இடத்தில் நின்றிருந்தாள். இவள் சொன்னதால்தான் அட்டையை மாற்றினேன் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. சிநேகிதி நான் கொடுத்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அம்மா வாய் திறக்காமல் இருந்தது எனக்காக. நான் வாய் திறக்காமல் இருந்ததும் எனக்காகத்தான்.