வால்வை அடைத்த தகரம்

மும்பை தாராவியிலிருந்து நவி மும்பையின் நெருள் கடைகளுக்கு முறுக்கு ஏற்றிப் போகும் எங்கள் டீசல் டெம்போவை ஓட்டுவது நான். முறுக்கு சுடுவது என் வீட்டுக்காரர். சந்து குறுகல் என்பதால் புகைக்குழல் இருக்கும் வண்டியின் பின்புறம் எங்கள் வாசலைப் பார்த்துத்தான் நிற்கும். பேட்டரி கிழடு, அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்று எஞ்சினை ஓடவிட்டபடியே டப்பாக்களை ஏற்றுவோம். வீட்டுக்காரருக்கோ இளைப்பு.

போன மழைக்காலத்தில் போகும் வழியிலுள்ள வாஷி பாலத்தில் வண்டி இரண்டு முறை நின்றுவிட்டது. மெக்கானிக்கான என் கொழுந்தன், இஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கிறது என்றான். எண்ணெய் டின்னில் வெட்டிய தகரத்தை வைத்து வால்வுக்குப் புகை போகும் வழியையே மூடிவிட்டான். இந்தப் பக்கம் டெம்போக்காரர்கள் பலரும் செய்வதுதான். வண்டி பறந்தது. புகைச் சோதனையிலும் பாஸ். வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன்.

அவருடைய இளைப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது. டப்பா ஏற்றும்போது எனக்கும் கண் எரிந்தது. கரும்புகை இல்லையே, பிறகு எது எரிக்கிறது? செம்பூரில் எஞ்சின் பிரித்து வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டேன். வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் விடுவதுதான் அந்த வால்வின் வேலையாம். ஏற்கெனவே எரிந்து முடிந்த காற்று மறுபடி எரியாது. உள்ளே இருந்துகொண்டு சூட்டைத் தணிக்கும். அதை அடைத்தால் சூடு மீறி, காற்றிலுள்ள நைட்ரஜன் நெஞ்சைப் பிடிக்கும் வாயுவாக மாறிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. சோதனையோ கறுப்பை மட்டும்தான் பார்க்கிறது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

நேரே கொழுந்தனிடம் போனேன்.

“பொகையே வரல, பாஸும் ஆயிட்டு. சும்மா ஃபொகட்ல எதுக்கு டென்ஷன் எடுக்கிய, மதினி?”

“நீ கழட்டுதியா, நான் கழட்டட்டுமா?”

முனகிக்கொண்டே தகரத்தை எடுத்துவிட்டு வால்வையும் கழற்றிக் கொடுத்தான். புது பேட்டரியும் போட்டேன். இனி ஏற்றும்போது எஞ்சின் ஓடாது. வால்வை வீட்டுக்குக் கொண்டுவந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பழைய பிரஷ்ஷால் கரியைச் சுரண்டினேன். கரி சேரும்போதெல்லாம் இதைச் செய்வதென்று முடிவும் எடுத்தாயிற்று.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கத்தினார். “ஏட்டி, யாரக் கேட்டு தகரத்த எடுத்த? பாலத்துல நீ தனியா நிக்கக் கூடாதுன்னு நாந்தான் அவன அடைக்கச் சொன்னேன்!”

இது எனக்குத் தெரியாது. ஆனாலும் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

“வண்டி நின்னா தள்ளிவிட நாலு பேரு வருவாவ. உங்களுக்கு மூச்சு முட்டுனா யாரு தள்ளிவிடுவா?”

அவர் உள்ளே போய் இன்னொரு பிரஷ்ஷோடு வந்தார். கரித்தூசி உங்களுக்கு ஆகாது என்று விரட்டிவிட்டேன்.